வாசல் கடை நடத்தும் பெண்களுக்கு: கல்லா வேறு, அடுப்படி வேறு

மதுரை வில்லாபுரத்தில் வீட்டுத் திண்ணையை ஒட்டி ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் மட்டும் இப்படி நாலு கடை இருக்கிறது, நாலையும் நடத்துவது பெண்கள்தான். ஒரு கடையில் மாவு, ஒரு கடையில் பூவும் வெற்றிலையும், இன்னொன்றில் சாயங்காலம் மட்டும் பணியாரம், என்னுடையது மளிகை, சோப்பு, பிஸ்கட், பால் பாக்கெட் எல்லாம் கலந்த பெட்டிக்கடை. புதிதாகக் கடை போடலாமா என்று கேட்டு வருகிறவர்களும், போட்டுவிட்டுத் தவிக்கிறவர்களும் என்னிடம் சொல்வது ஏறக்குறைய ஒரே விஷயம். "நாள் பூரா ஆள் வருது, சாமான் போகுது, ஆனா லைன் வண்டி வந்து நிக்கும்போது கையில காசு இல்லக்கா." கம்பெனிச் சரக்கைக் கடை கடையாகக் கொண்டு வந்து போடும் வண்டியைத்தான் லைன் வண்டி என்போம். வியாபாரம் இல்லாமல் மூடின வாசல் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை. வியாபாரம் நன்றாக நடந்தும் முதல் கரைந்து போய் மூடின கடைகளைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே நான் எழுதுவது எப்படி நிறைய விற்பது என்பதை இல்லை, விற்ற காசை எப்படிக் கடையிலேயே நிற்க வைப்பது என்பதைத்தான்.

முதல் பக்கத்தில் உங்கள் வீட்டுக் கணக்கு

கடை வாசலில் இருக்கிறது, அடுப்படி பத்தடி பின்னால். சாம்பாருக்குப் பருப்பு குறைந்தால் கை தானாகக் கடைப் பக்கம் போகும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் ஒரு பிஸ்கட் பாக்கெட், வீட்டுக்காரர் குளிக்கப் போகும்போது ஒரு சோப்பு, விருந்தாள் வந்தால் ஒரு பால். யாருக்கும் இது திருட்டு மாதிரித் தெரியாது, அது திருட்டும் இல்லை. ஆனால் பத்து ரூபாய் பிஸ்கட்டில் உங்களுக்கு நிற்பது ஒரு ரூபாய் சொச்சம் என்றால், வீட்டுக்கு எடுத்த ஒரு பாக்கெட்டை ஈடுகட்ட வெளியே எட்டொன்பது பாக்கெட் விற்க வேண்டும். இதை முதல்முறை கணக்குப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் செய்தது இதுதான். கடன் நோட்டின் முதல் பக்கத்தில் "எங்க வீடு" என்று தலைப்புப் போட்டு, வீட்டுக்கு எடுக்கும் ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். தெருவில் மற்றவர் கணக்கு எப்படியோ அப்படித்தான் எங்கள் கணக்கும். மாதம் பிறந்து வீட்டுக்காரர் சம்பளம் வந்ததும் அந்தப் பக்கத்தைக் கூட்டி, அதை வீட்டுக் காசில் இருந்து எடுத்துக் கல்லாவில் போட்டேன். முதல் மாதம் கூட்டினால் 2,300 ரூபாய்! வீட்டில் ஒரு சின்னச் சண்டை வந்தது உண்மை. இரண்டாம் மாதம் அதுவே 1,500க்கு வந்துவிட்டது, ஏனென்றால் எழுதுகிறார்கள் என்று தெரிந்தாலே கை கொஞ்சம் யோசிக்கும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பெரும்பாலான பெண்கள் செய்வதே இல்லை: உங்களுக்குச் சம்பளம் எடுத்துக்கொள்வது. காலை ஆறு மணியில் இருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்கிறீர்கள். அதே நேரத்துக்கு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றால் என்ன தருவார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அவ்வளவையும் உடனே எடுக்க முடியாது, சரி. ஆரம்பத்தில் நாளுக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். சனிக்கிழமை ராத்திரி கல்லாவில் இருந்து 700 ரூபாயை எண்ணி எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள், நோட்டில் "சம்பளம்" என்றே எழுதுங்கள். அந்த டப்பா உங்களுடையது. வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதா, நகைச்சீட்டுக் கட்டுவதா என்பது உங்கள் முடிவு. இந்தச் சம்பளத்தைக் கழித்த பிறகும் கடையில் மிச்சம் நிற்கிறதா என்று பார்த்தால்தான் கடை ஓடுகிறதா, இல்லை உங்கள் உடம்பு உழைப்பில் தள்ளிக்கொண்டு போகிறதா என்று தெரியும்.

சுயதொழில் செய்யும் பெண்களுக்காக எலா பட் 1972ல் அகமதாபாத்தில் சேவா என்ற சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாத பெண்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்றுதான் முதலில் கேட்டார்களாம். தலைச்சுமை தூக்குகிறவர், காய்கறி விற்கிறவர், துண்டுத்துணி தைக்கிறவர் என எல்லாரையும் சேர்த்துக் கடைசியில் அந்தச் சங்கம் பதிவானது. நம் வீடுகளில் இன்றைக்கும் அதே கேள்விதான் வேறு மாதிரி வருகிறது: "சும்மா வீட்டுல இருக்கிற நேரத்துல கடையைப் பாத்துக்குது." ரேஷன் அட்டையோ பள்ளிக்கூட விண்ணப்பமோ, தொழில் என்று கேட்கும் இடத்தில் இல்லத்தரசி என்று எழுதாதீர்கள், சுயதொழில் என்று எழுதுங்கள், கடை வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

என்ன சாமான் போடலாம்

முதல் தடவை 10,000 அல்லது 15,000 ரூபாய்க்கு மேல் முதல் போடாதீர்கள். பிரிட்ஜ், கண்ணாடி அலமாரி, பெயர்ப்பலகை எல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். குளிர்பானக் கம்பெனிக்காரர்கள் பிரிட்ஜ் தருகிறோம் என்று வருவார்கள், அதில் அவர்கள் சரக்கு மட்டும்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும், கரண்டு பில் நம் தலையில். கோடை மூன்று மாதம் சரி, ஐப்பசி மழையில் அது சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் தெரு எப்போது எதற்கு ஓடி வரும் என்று பாருங்கள். பெரிய மாத லிஸ்ட் போட்டு வாங்குகிறவர்கள் சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போவார்கள், அவர்களை நினைத்துச் சரக்கு எடுக்க வேண்டாம். நம்மிடம் வருவது தீர்ந்து போனதற்கு, அவசரத்துக்கு, கையில் இருக்கும் இருபது ரூபாய்க்கு ஏற்ற அளவுக்கு. கால் கிலோ சர்க்கரை, ஐம்பது கிராம் காய்ந்த மிளகாய், ஒரு சரம் ஷாம்பு, ரெண்டு முட்டை. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழக்கத்தைப் பரப்பியதில் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. வாரக்கூலி வாங்குகிறவர் கையில் மொத்தமாகக் காசு இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் கடையும் அதே கணக்கில்தான் நிற்கிறது.

பாக்கெட் சாமானில் லாபம் குறைவு, ஆனால் அதுதான் ஆளைக் கடைக்கு இழுக்கும். லாபம் நிற்பது உதிரிச் சரக்கிலும் நீங்கள் கையால் செய்து விற்பதிலும். மாவு நல்ல உதாரணம். நாலு கிலோ இட்லி அரிசி, ஒரு கிலோ உளுந்து ஊறவைத்து ஆட்டினால் எனக்குப் பன்னிரண்டு கிலோ அளவுக்கு மாவு கிடைக்கும். உளுந்து பழசாக இருந்தால் அது பதினொன்றுக்கு இறங்கிவிடும், அதனால் உளுந்தில் மட்டும் விலை பார்க்காதீர்கள். ஆட்டின உடனே எடை போட்டு விற்றுவிடுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். புளித்துப் பொங்கின மாவு பாத்திரம் நிறையத் தெரியும், எடை அதேதான், கரண்டியால் அள்ளிக் கொடுத்தால் ஒரு நாள் அவர்களுக்கு நஷ்டம், ஒரு நாள் நமக்கு.

பருப்பு, புளி, மிளகாய், மல்லி எல்லாம் நான் கீழமாசி வீதியில் மொத்த விலையில் எடுப்பேன், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. வாரா வாரம் போனால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாக இருக்கும், ஆனால் ஷேர் ஆட்டோ, மூட்டைக் கூலி, அரை நாள் மூடிக் கிடந்த கடை எல்லாம் சேர்த்தால் மிச்சம் ஒன்றுமே இருக்காது. சோப்பு, பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் லைன் வண்டியிலேயே வாங்கிக்கொள்ளலாம். அந்த சேல்ஸ்மேன் தம்பிகளிடம் ஒன்றை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தேதி முடிந்ததை மாற்றித் தருவீர்களா, எலி கடித்ததற்கு என்ன? ஒரு தடவை பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம் என்று ஒரு புது சிப்ஸை என் தலையில் கட்டிவிட்டுப் போனவர் அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை, மூன்று பெட்டி அப்படியே நமுத்துப் போனது. ஸ்கீம் என்று எது வந்தாலும் ஒரே ஒரு பெட்டி எடுத்து, அது எத்தனை நாளில் போகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

சிகரெட் நான் வைப்பதில்லை. காசு தினமும் புரளும், உண்மைதான். ஆனால் அதற்கு வருகிறவர்கள் வாங்கிவிட்டுப் போவதில்லை, அங்கேயே நிற்பார்கள், அவர்கள் நிற்கும் கடைக்கு சாயங்காலம் பெண்களும் பிள்ளைகளும் வரத் தயங்குவார்கள், என் கடையே அவர்களை நம்பித்தான் ஓடுகிறது. வைக்கிறவர்கள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தரக்கூடாது, பள்ளி கல்லூரியில் இருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது, இது 2003ல் வந்த சட்டம்.

கடன் நோட்டு

"கடன் அன்பை முறிக்கும்" என்ற அட்டையை நானும் வாங்கித் தொங்கவிட்டேன், ஒரே மாதத்தில் கழற்றிவிட்டேன். எங்கள் தெருவில் கடன் கொடுக்காமல் கடை நடத்த முடியாது. கொத்தனார் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் காசு, வியாழன் வெள்ளியில் அவர்கள் வீட்டில் அரிசி இருக்காது. அவர்களுக்குக் கொடுக்காத கடையில் சனிக்கிழமை காசோடு வந்தும் வாங்க மாட்டார்கள். அதனால் கொடுக்கலாமா என்று யோசித்து நேரத்தைக் கழிக்க வேண்டாம், யாருக்கு, எவ்வளவு, எந்தக் கிழமை வரை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னுடைய அளவு ஒரு வீட்டுக்கு 500 ரூபாய். வாரக்கூலிக்காரர்களுக்குச் சனிக்கிழமை, மாதச் சம்பளக்காரர்களுக்கு ஐந்தாம் தேதி. 500ஐத் தொட்டதும் "மதினி, பழசுல ஒரு இருநூறு குடுத்துட்டு இதை எடுத்துக்கங்க" என்று சொல்லிவிடுவேன். முதல் இரண்டு மூன்று தடவை நாக்கு எழாது. 500ல் சொல்வது சங்கடம்தான், ஆனால் 3,000 ஆன பிறகு அவர்கள் நம் தெருப் பக்கமே வராமல் சுற்றிப் போவார்கள், அப்போது காசும் போச்சு, வாடிக்கையும் போச்சு.

இரண்டு நோட்டு வையுங்கள். ஒன்று உங்களிடம், சின்னது ஒன்று அவர்களிடம், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவாக இருந்தால் வாய்விட்டுக் கூட்டிச் சொல்லுங்கள், "நேத்து நூத்திப் பத்து, இன்னிக்கி நாப்பது, ஆக நூத்தம்பது." அவர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு சில நேரம் நம் நோட்டைவிடச் சுத்தமாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் வந்து "அம்மா எழுதிக்கச் சொன்னாங்க" என்றால் கொடுங்கள், ஆனால் அன்றைக்கு சாயங்காலமே அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பழக்கம் விழுந்துவிடும்.

இன்னொன்று, இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன். வீட்டுக்காரர் வந்து வாங்கும் குளிர்பானம், மிக்சர், சோடாவை மனைவி கணக்கில் எழுதாதீர்கள். கேட்பார்கள், "அவ கணக்குல போட்டுருங்கக்கா" என்று மிகச் சாதாரணமாகக் கேட்பார்கள். பீடி சுற்றியும் பாத்திரம் துலக்கியும் அந்தப் பெண்தான் சனிக்கிழமை வந்து அடைப்பாள். அவள் வாயால் சொல்லாதது அவள் பக்கத்தில் ஏறக் கூடாது. அவர் பெயரில் தனிப் பக்கம் போடுகிறேன், நீங்களே குடுத்துருங்கண்ணே என்று சொல்லிவிடுங்கள். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

பாக்கி கேட்கும்போது நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள், மதியம் ஆள் இல்லாத நேரத்தில் தனியாகக் கேளுங்கள். காலையில் போணி ஆகும் முன்னால் கடன் இல்லை என்பதை எல்லாரும் மரியாதையாக ஏற்றுக்கொள்வார்கள், அந்த வழக்கம் நமக்கு ஒரு துணை. சாவு வீடு, ஆஸ்பத்திரி என்று வந்தால் அளவு எல்லாம் பார்க்க வேண்டாம், ஆனால் அதையும் எழுதிவிடுங்கள். மாதக் கடைசியில் நோட்டில் உள்ள எல்லாப் பாக்கியையும் கூட்டுங்கள். கடையில் இருக்கும் மொத்தச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கைவிட அது கூடிவிட்டால் அடுத்த மாதம் புதிதாக யாருக்கும் கணக்குத் திறக்காதீர்கள்.

கியூஆர் அட்டை யார் பெயரில்?

எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கடையில் ஒரு வருடம் ஜிபேயில் வந்த காசு எல்லாம் மகன் கணக்கில் விழுந்தது, ஏனென்றால் அட்டை அவன் போன் நம்பரில் எடுத்தது. அவன் நல்ல பையன்தான், கேட்டால் கொடுப்பான். ஆனால் பெட்ரோலுக்கு நூறு, ரீசார்ஜுக்கு இருநூறு என்று அதிலிருந்தே போனது, அக்காவுக்குத் தன் கடையில் ஒரு நாளைக்கு எவ்வளவு வந்தது என்றே தெரியவில்லை. இன்னும் பெரிய நஷ்டம் வேறு: லோன் கேட்டு வங்கிக்குப் போனபோது அவர் பெயரில் உள்ள கணக்கில் வரவு ஒன்றுமே இல்லை.

உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, உங்கள் ஆதாரோடு சேர்ந்த ஒரு சிம், அதில் எடுத்த கியூஆர் அட்டை. போன் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. காசு வந்தால் சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள், ஆனாலும் நான் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அனுப்பிவிட்டேன் என்று போனைத் தூக்கிக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் கூட்ட நேரம் பார்த்துத்தான் வருவார்கள். பெட்டி பேசவில்லை, மெசேஜும் வரவில்லை என்றால் சாமானைக் கையில் கொடுக்காதீர்கள்.

அவசரக் காசு

கடன் கொடுத்துத் தினமும் வசூல் செய்யும் தண்டல்காரர் காலையிலேயே பைக்கில் வந்து நிற்பார், பேப்பர் கேட்க மாட்டார், அதனால்தான் நாம் அவரிடம் போகிறோம். அவர் 10,000 என்று சொல்லி 9,000 கையில் தருவார், நாளுக்கு 100 வீதம் நூறு நாள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் 9,000 உங்கள் கையில் முழுசாக இருப்பது முதல் நாள் மட்டும், தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், சராசரியாகப் பார்த்தால் நாலாயிரத்து ஐநூறு ரூபாய் அளவுக்குத்தான் நூறு நாள் கடன் வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு ஆயிரம் வட்டி என்றால் வருடத்துக்கு 80 சதவீதம். 8,500 கொடுத்தால் அது 120 சதவீதத்தையும் தாண்டும். தீபாவளிக்குச் சரக்குப் போட்டு ஒரே மாதத்தில் அடைக்க முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு தடவை வாங்கலாம். பழைய தண்டலை அடைக்கப் புதுத் தண்டல் மட்டும் வாங்காதீர்கள்.

குழுக் கடன்தான் நமக்கு ஏற்றது. நம் மாநிலத்தில் அரசு உதவியோடு மகளிர் குழுக்கள் 1989ல் தர்மபுரியில் ஆரம்பித்தது, மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்களை எல்லாருக்கும் தெரியும். குழுவில் இருந்தால் வங்கிக் கடன் வட்டி தண்டலோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. தனியாக வேண்டும் என்றால் சிறுதொழிலுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை ஜாமீன் இல்லாமல் தருவார்கள், வங்கியில் முதல் தடவை திருப்பி அனுப்பினாலும் ஏன் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மைக்ரோ பைனான்ஸ் வாங்கினவர்களுக்கு ஒன்று: உங்கள் வீட்டு மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்றும், வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு தரக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022ல் விதி போட்டிருக்கிறது. வாசலில் வந்து கத்துகிறவரிடம் இதைச் சொல்லத் தெரிந்திருந்தாலே அவர் குரல் இறங்கும்.

பேப்பர் வேலை, கொஞ்சம்தான்

மாவு, பணியாரம், எண்ணெய், பால் என்று தின்னும் பொருள் எதை விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நான் எடுத்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம், இ-சேவை மையத்தில் செய்துகொடுத்தார்கள். சிறுதொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவுக்குக் காசே கிடையாது, யாராவது ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஜிஎஸ்டி என்று பயமுறுத்துவார்கள், சரக்கு விற்கும் கடைக்கு வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒரு முறை முத்திரை போட வேண்டும். பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், ஐஸ் வைத்ததற்கு என்று சொல்லியும் வாங்கக் கூடாது. பிளாஸ்டிக் பை 2019ல் இருந்தே தடை. வாசலில் இல்லாமல் ரோட்டோரம் தள்ளுவண்டியிலோ தரையிலோ போடுகிறவர்கள் மாநகராட்சியில் தெரு வியாபாரி அடையாள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். 2014ல் வந்த சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. வியாபாரிகளுக்கான நகரக் குழுவில் பெண்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது, அந்தக் குழுவுக்குத் தேர்தல் வந்தால் நில்லுங்கள்.

ஒரு ஸ்டூல், ஒரு சாப்பாட்டு நேரம்

கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத்தில் சேர்த்தார்கள். சொந்தக் கடையில் நிற்கும் நமக்கு அதைப் போட்டுத்தர யாரும் வர மாட்டார்கள். நல்ல உயரமான ஸ்டூல் ஒன்று வாங்குங்கள், அதைக் கடைச் செலவில் எழுதுங்கள். நான் ஏழு வருடம் நின்றே ஓட்டினேன், இப்போது முழங்கால் வலிக்கு மாதா மாதம் செலவழிக்கிறேன்.

மதியம் இரண்டில் இருந்து மூன்றரை வரை மூடுங்கள். முதல் வாரம் கதவைத் தட்டுவார்கள், இரண்டாவது வாரம் இரண்டுக்கு முன்னாலேயே வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் சூடாகச் சாப்பிடுங்கள், கொஞ்சம் காலை நீட்டிப் படுங்கள். நோட்டைக் கூட்டுவது ராத்திரி கடை எடுத்து வைத்த பிறகு, பத்து நிமிடம் போதும்: கல்லாவில் இருந்த காசு, போனில் வந்த காசு, இன்று ஏறிய கடன், இன்று வந்த பாக்கி, எங்க வீடு.